கறிக்குத் துணை எது? பேலியோ உணவு பற்றி ஓர் எளிய அறிமுகம்

"கற்காலத்து மனுஷன் மாதிரி சாப்பிடப் போறேன் ஆயா" என்றேன். வீட்டுக்கார ஆயா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கல்லையா திங்கப் போற தம்பி?" என்றார்.

நான் இருப்பது தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் என்ற பகுதியில், அந்த ஆயா வீட்டின் பின்கட்டில். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவன். மூன்று வேளையும் அரிசி ஏதாவது ஓர் உருவத்தில் உள்ளே போய்ப் பழகிய உடம்பு. ஆயாவின் குடும்பம் இங்கே ஐந்தாவது தலைமுறை. 1860 நவம்பர் 16ஆம் தேதி ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து டர்பனில் இறக்கியதே, அந்தக் கரும்புத்தோட்டக் கதையின் தொடர்ச்சி. தோட்டத்தில் அளந்து கொடுத்த படியில் அரிசியும் பருப்பும் எண்ணெயும் உப்பும் இருந்தன. அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தால் மக்காச்சோளத்தை உடைத்து அரிசி மாதிரி வேகவைத்துக்கொண்டார்கள். 'மீலி ரைஸ்' என்ற பெயரில் அது இன்றைக்கும் கடையில் கிடைக்கிறது. ஆக, எனக்கும் ஆயாவுக்கும் சமையல் தொடங்குகிற இடம் ஒன்றுதான். பேலியோ முதலில் கைவைப்பதும் அந்த இடத்தில்தான்.

பேலியோ என்பது பேலியோலித்திக் என்ற சொல்லின் சுருக்கம். பழைய கற்காலம். மனிதன் பயிர் வைக்கத் தொடங்கியது சுமார் 10,000 முதல் 12,000 ஆண்டுகளுக்கு முன்புதான். அதற்கு முன்னால் இருபது லட்சம் ஆண்டுகளுக்கு மேல் நம் முன்னோர்கள் வேட்டையாடியும், பொறுக்கியும், தோண்டியும் வயிறு வளர்த்தார்கள். நம் உடம்பு அந்த நீண்ட காலத்தில் வார்க்கப்பட்டது. தானியமும் பாலும் சர்க்கரையும் நேற்று வந்தவை. உடம்புக்கு அவை இன்னும் ஒத்துப்போகவில்லை. தொப்பையும் சர்க்கரை நோயும் அதனால்தான் என்பது பேலியோக்காரர்களின் வாதம். 1975ல் வால்டர் வோக்ட்லின் என்ற அமெரிக்க வயிற்று மருத்துவர் இதைப் புத்தகமாக எழுதினார். அப்போது பெரிதாக யாரும் சட்டை செய்யவில்லை. 1985ல் பாய்ட் ஈட்டன், மெல்வின் கானர் இருவரும் ஒரு பெரிய மருத்துவ இதழில் எழுதிய பிறகு ஆய்வாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். 2002ல் லோரன் கார்டெய்ன் எழுதிய புத்தகம் அதைச் சமையலறை வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தது.

தட்டில் என்ன இருக்கலாம்? இறைச்சி, மீன், முட்டை, காய், கீரை, பழம், கொட்டைகள், விதைகள். எது கூடாது? அரிசி, கோதுமை, சோளம், கேழ்வரகு என எல்லாத் தானியமும், துவரை, உளுந்து, கடலை என எல்லாப் பருப்பும் பயறும், பால், தயிர், வெள்ளைச் சர்க்கரை, ஆலையில் பிழிந்து சுத்திகரித்த எண்ணெய், பாக்கெட்டில் வருகிற பெரும்பாலானவை. நிலக்கடலையும் பயறு வகைதான், அதனால் அதற்கும் இடமில்லை. இட்லி, தோசை, சாம்பார், தயிர்சாதம் எல்லாம் ஒரே வரியில் போய்விட்டன என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

'பயறு வகை' என்ற விதியை ரொம்ப இறுக்கிப் பிடித்தால் வேடிக்கையாகிவிடும். வெந்தயம் தாவரக் குடும்பப்படி பயறுதான். புளியமரமும் அதே குடும்பம். பாலில்லாமல் குடிக்கலாம் என்று எல்லோரும் சிபாரிசு செய்கிற ரூய்போஸ் தேநீர்ச் செடியும் அதே குடும்பம். கடையில் வாங்குகிற பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தால் ரசம்கூட வைக்க முடியாது. ஒரு சிட்டிகை வெந்தயத்தால் எந்த உணவுமுறையும் கெட்டுப்போகாது.

தமிழ் வாசகருக்கு ஏற்கெனவே ஒரு 'பேலியோ' தெரிந்திருக்கும். காலையில் நூறு பாதாம், மதியம் பன்னீர், டீயில் வெண்ணெய் என்று கடந்த சில ஆண்டுகளாகத் தமிழ் இணையத்தில் பரவியது. அது உண்மையில் மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டுகிற முறை. பெயர் மட்டும்தான் பேலியோ. மூலப் பேலியோவில் பன்னீரும் வெண்ணெயும் கிடையாது. மாறாக, சர்க்கரைவள்ளிக் கிழங்கை இன்றைய பேலியோக்காரர்கள் பலர் ஒதுக்குவதில்லை.

தென்னாப்பிரிக்காவில் இதற்கு இன்னொரு தம்பியும் உண்டு. பேண்டிங் என்பார்கள். லண்டனில் சவ அடக்க ஏற்பாடுகள் செய்து கொடுக்கும் தொழில் நடத்திய வில்லியம் பேண்டிங் என்பவர் ரொட்டியையும் சர்க்கரையையும் விட்டு உடம்பைக் குறைத்ததைப் பற்றி 1863ல் ஒரு சிறு நூல் போட்டார். நூற்றைம்பது ஆண்டு கழித்து அந்தப் பெயருக்கு உயிர் கொடுத்தவர் கேப்டவுன் விளையாட்டு மருத்துவப் பேராசிரியர் டிம் நோக்ஸ். ஓட்டக்காரர்களுக்கு மாவுச்சத்து ஏற்றச் சொல்லிக்கொண்டிருந்த அவரே 2010 டிசம்பரில் தலைகீழாக மாறினார். 2014ல் ஒரு தாய்க்கு, குழந்தைக்கு முதல் உணவாக எதைக் கொடுப்பது என்று ட்விட்டரில் சொன்ன பதிலுக்காக அவர் மீது மருத்துவக் கவுன்சில் விசாரணை நடந்தது. 2017ல் விடுவிக்கப்பட்டார், 2018ல் மேல்முறையீடும் தள்ளுபடியானது. இவ்வளவு அமளியின் விளைவாக, இங்கே சாதாரண உணவகத்தில்கூட காலிஃப்ளவரைத் துருவிச் சோறு என்று பரிமாறுகிறார்கள். பேண்டிங்கிலும் கிழங்கைக் கண்டால் முகம் சுளிப்பார்கள், பாலாடைக்கட்டியை வரவேற்பார்கள்.

இந்த மூன்றையும் குழப்பிக்கொண்டால் கஷ்டப்படப் போவது நீங்கள்தான். கிழங்கு சாப்பிடலாமா கூடாதா என்பதுதான் நடைமுறையில் பெரிய கேள்வி. அதற்குப் பதில், பாருங்கள், நான் இருக்கிற ஊருக்குப் பக்கத்திலேயே மண்ணுக்குள் கிடந்தது.

டர்பனுக்கு வடக்கே சுமார் 40 கிலோமீட்டரில், டோங்காட் பக்கம், கரும்புக் காட்டுக்கு நடுவே ஒரு பாறைச் சரிவில் சிபுடு குகை இருக்கிறது. டோங்காட் என்றால் இங்கே தமிழர்களுக்குக் கரும்பாலை ஊர், கோயில் ஊர். அந்தக் குகையில் 77,000 ஆண்டுகளுக்கு முன்பே ஆட்கள் கோரைப்புல்லைப் பரப்பிப் படுத்திருக்கிறார்கள். லின் வாட்லி என்ற தொல்லியல் பேராசிரியர் 1998ல் தோண்டத் தொடங்கினார். சிறிய காட்டு மான், காட்டுப்பன்றி இவற்றின் எலும்புகள் கிடைத்தன. 2024ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். இதுவரை கேட்டால் பேலியோக்காரர்கள் தலையாட்டுவார்கள். ஆனால் அதே வாட்லியின் குழு இதே மாகாணத்தின் வடக்கு எல்லையில், லெபோம்போ மலையிலுள்ள பார்டர் குகையில் கண்டெடுத்ததை 2020ல் வெளியிட்டது. ஹைபாக்சிஸ் என்ற செடியின் கிழங்குகள், கரிந்துபோனவை, வயது 1,70,000 ஆண்டு. அதாவது தோண்டி எடுத்து, குகைக்குக் கொண்டுவந்து, தணலில் சுட்டுச் சாப்பிட்டிருக்கிறார்கள். நல்ல மாவுச்சத்து.

அசல் கற்கால மனிதன் கிழங்கு சுட்டுத் தின்றவன். கடலோரத்தில் இருந்தவன் சிப்பி தின்றான், பனிப்பிரதேசத்தில் இருந்தவன் கொழுத்த இறைச்சி தின்றான். ஒரே ஒரு 'கற்கால உணவு' என்று எதுவும் இருந்ததில்லை. அப்புறம், உடம்பு 10,000 ஆண்டுகளாக மாறவே இல்லை என்பதும் சரியில்லை. வளர்ந்த பிறகும் பாலைச் செரிக்கிற திறன் சில கூட்டங்களில் பரவியது பயிர் காலத்துக்குப் பிறகுதான். உமிழ்நீரில் மாவுச்சத்தை உடைக்கிற அமைலேஸ் நொதிக்கான மரபணு, மாவுச்சத்து நிறையத் தின்னும் கூட்டத்தாரிடம் கூடுதல் பிரதிகளாக இருக்கிறது.

அப்படியானால் பேலியோ பொய்யா? கதை ஆட்டம் காண்கிறது, பலன் இருக்கிறது. 2019ல் அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வு நிறுவனத்தில் 20 பேரைத் தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலை உணவும் இரண்டு வாரம் வீட்டுச்சமையல் மாதிரியான உணவும் வேண்டிய அளவு கொடுத்துப் பார்த்தார்கள். ஆலை உணவு தின்ற நாட்களில் ஒருவர் தினம் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டிருந்தார். பேலியோவில் பிஸ்கட், சோடா, கேக், சிப்ஸ் எல்லாம் ஒரேயடியாக ஒழிகின்றன. புரதமும் காயும் வயிற்றை நிரப்புகின்றன. பலனில் பெரும்பங்கு அதற்குத்தான் போக வேண்டும் என்பது என் கணக்கு. ஸ்வீடனில் மாதவிடாய் நின்ற, உடல் பருத்த 70 பெண்களை இரண்டு ஆண்டு கவனித்த ஓர் ஆய்வும் உண்டு. ஆறு மாதத்தில் பேலியோ குழு நன்றாக முந்தியிருந்தது. இரண்டு ஆண்டு முடிவில் எடையில் பெரிய வித்தியாசம் இல்லை. முதல் ஆறு மாத உற்சாகம் யாருக்கும் நிலைப்பதில்லை போலிருக்கிறது.

சரி, தட்டுக்கு வருவோம். உண்மையான சிக்கல் அங்கேதான்.

முதல் நாள் ராத்திரி கோழிக்குழம்பு வைத்தேன். சோறு இல்லை. தட்டில் நான்கு துண்டு கறி, சுற்றிச் சிவப்பாகக் குழம்பு, ஓரத்தில் வெள்ளரிக்காய். வலது கை தன்பாட்டுக்கு நடுத்தட்டுக்குப் போய் எதையோ பிசையப் பார்த்தது. ஒன்றும் இல்லை. குழம்பு விரல் இடுக்கில் ஓடி முழங்கை வரைக்கும் வந்தது. கரண்டியால் குடித்துப் பார்த்தேன். காரமும் உப்பும் தலைக்கு ஏறின. அப்போதுதான் புரிந்தது, நம் குழம்பெல்லாம் தனியாகச் சாப்பிட உண்டாக்கியதே இல்லை. ஒரு தட்டுச் சோற்றுக்கு உறைக்கிற மாதிரி காரமும் புளியும் உப்பும் போட்டது. சோற்றை எடுத்துவிட்டால் குழம்பையும் மாற்ற வேண்டும். பேலியோ தொடங்குகிற தமிழர்கள் இரண்டாம் வாரத்தில் விட்டுவிடுவதற்கு மனவுறுதிக் குறைவு காரணம் என்று நான் நினைக்கவில்லை. குழம்பைத் தாங்க ஒன்றும் இல்லாததுதான் காரணம்.

மூன்றாம் நாள் ஆயா பொறுக்கமாட்டாமல் ஒரு பாத்திரத்தோடு வந்தார். உள்ளே அவித்த மடும்பி.

மடும்பி வேறொன்றுமில்லை, நம் சேப்பங்கிழங்குதான். ஜூலு மொழியில் அமாடும்பே. மார்ச் வாக்கில் வர ஆரம்பித்து, குளிர்காலம் முழுக்கச் சாலையோரத்தில் ஜூலு அம்மாக்கள் குவித்து வைத்து விற்பார்கள். மண் போகக் கழுவி, தோலோடு உப்புப் போட்டு, கத்தி வழுக்கிக்கொண்டு இறங்கும் வரை அவிக்க வேண்டும். அரைவேக்காடு கூடாது. ஊசி ஊசியாக இருக்கிற ஆக்சலேட் படிகம் தொண்டையைப் பிறாண்டிவிடும். வெந்தபின் ஒரு முனையைக் கிள்ளி அழுத்தினால் மயிர்த்தோல் தனியாகக் கழன்று, சாம்பல் கலந்த ஊதா நிறத்தில் கிழங்கு வெளியே வரும். அதைக் கட்டைவிரலால் நசுக்கி, ஆட்டுக்கறிக் குழம்பில் புரட்டினேன். அதன் கொழகொழப்பு குழம்பைப் பிடித்துக்கொண்டது. கைக்கு வேலை கிடைத்தது. ஆயா எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே, "இதத்தான் கல்லு காலத்துல தின்னாங்களா? எங்க தாத்தாவும் இதத்தான் தின்னாரு" என்றார்.

அன்றிலிருந்து என் முறை இதுதான்: முதலில் தாங்கியைத் தேடு, பிறகு கறியை யோசி. மடும்பி இல்லாத மாதத்தில் சர்க்கரைவள்ளி, பரங்கிக்காய். துருவிய காலிஃப்ளவரையும் குறை சொல்லமாட்டேன். ஆனால் தண்ணீர் வடியாமல் வதக்கினால் சோறு மாதிரி இருக்காது, ஈரத்துணி மாதிரி இருக்கும். குழம்பிலும் பாதிக் காரம், பாதிப் புளி, கூடுதல் தேங்காய்ப்பால். கிழங்கையும் முஷ்டியளவுக்கு மேல் எடுப்பதில்லை. எடுத்தால் சோற்றுக்குப் பதில் சோறுதான்.

காலைப்பொழுது சுலபம். இங்கே சட்னி என்றால் தேங்காய் அரைப்பதில்லை, தக்காளியும் வெங்காயமும் பச்சைமிளகாயும் தொக்காக வதக்குவது. அதில் இரண்டு முட்டையை உடைத்து ஊற்றி மூடிவிட்டால் ஐந்து நிமிடம். டீதான் ஒரு வாரம் அழவைத்தது. பாலும் மூன்று கரண்டி சர்க்கரையும் இல்லாத டீயை டீ என்று என் நாக்கு ஒப்புக்கொள்ளவில்லை. ரூய்போஸைத் தனி பானமாக எண்ணிப் பழகியபின் சமாதானம் வந்தது.

மதியம் வெளியே சாப்பிட நேர்ந்தால் டர்பனில் எதிரே நிற்பது பன்னி சௌ. கால் பங்கு ரொட்டியைக் குடைந்து அதற்குள் கறியை ஊற்றித் தருவார்கள். ரொட்டி இல்லாமல் கறி மட்டும் கேட்டால் கடைக்காரர் நம்மை நோயாளி மாதிரி பார்ப்பார், பாதகமில்லை. பிராய் என்கிற தணல் விருந்துதான் எளிதான நாள், எல்லாம் சுட்ட இறைச்சி. போரவோர்ஸ் என்பது இங்கத்திய சாசேஜ்; அந்தப் பெயர் போட்டு விற்கச் சட்டப்படி 90 சதவீதம் இறைச்சி இருக்க வேண்டும். அதைவிட மலிவான சாசேஜுகளில் சோயாவும் மாவும் இருக்கும், உறையைத் திருப்பிப் படியுங்கள். பில்டாங் என்ற உப்புக்கண்டமும் அப்படித்தான். கொத்தமல்லி விதை மணக்கிற அருமையான பண்டம், சிலதில் சர்க்கரை சேர்க்கிறார்கள். கல்யாண வீட்டில் மரக்கறி பிரியாணியும் டாலும் வைத்தால் நான் பேசாமல் சாப்பிட்டுவிடுவேன். கோயிலில் ஆடி மாதம் மாரியம்மனுக்கு ஊற்றுகிற கூழும் அப்படித்தான். பந்தியில் பேலியோ விளக்கம் கொடுப்பவரைவிட எரிச்சலூட்டுபவர் யாருமில்லை.

செலவு கூடும், மறைக்க வேண்டாம். ஆட்டுக்கறியை மட்டும் நம்பினால் மாதக் கடைசி தாங்காது. கோழி ஈரல், குடல், கால், டின் மீன் இவையெல்லாம் மலிவு. ஜூன், ஜூலையில் மத்தி மீன் கூட்டம் இந்தக் கரையோரமாக வருகிற நாட்களில் மீன் விலை இறங்குகிறதா என்று பார்த்து வாங்கலாம். முள்ளோடு தின்கிற சின்ன மீனுக்கு இன்னொரு பயனும் உண்டு. பாலை நிறுத்தினால் சுண்ணாம்புச்சத்துக்கு வேறு வழி வேண்டும். முள்ளும் கீரையும் அந்தக் குறையைக் கொஞ்சம் சரிக்கட்டும்.

உடம்பு என்ன செய்யும்? முதல் வாரத்தில் இரண்டு கிலோ குறைந்தால் ஆட வேண்டாம். தசையிலும் கல்லீரலிலும் சேமித்திருக்கும் மாவுச்சத்து, ஒரு கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அது கரையும்போது தண்ணீரும் போகிறது, எடை காட்டுவது பெரும்பாலும் அதைத்தான். மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால் இன்சுலின் இறங்கும், சிறுநீரகம் உப்பையும் வெளியேற்றும். மூன்றாம் நாள் தலைவலியும் சோர்வும் அதனால்தான். எனக்கு எலும்புச் சாற்றில் கொஞ்சம் உப்புப் போட்டுக் குடித்ததும் தெளிந்தது. மலச்சிக்கலும் வரும், தானியத்தோடும் பருப்போடும் நார்ச்சத்து போய்விட்டதே! தினம் ஒரு கட்டுக் கீரை என்று வைத்துக்கொண்டேன்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிபென்கிளமைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரிடம் சொல்லாமல் இதைத் தொடவே கூடாது. சாப்பாட்டில் மாவுச்சத்து குறைந்து மருந்து அப்படியே இருந்தால், சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். தென்னாப்பிரிக்க இந்தியர்களிடையே சர்க்கரை நோய் அதிகம். அதனால்தான் நிறையப் பேர் இந்தப் பக்கம் வருகிறார்கள், மாத்திரைப் பெட்டியோடு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், ரத்தக்கொதிப்பு மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் எல்லோருக்கும் இதே பேச்சுதான்.

பருப்பைப் பற்றி மட்டும் எனக்குப் பேலியோவைத் தொடங்கியவர்களோடு உடன்பாடில்லை. அதிலுள்ள லெக்டின் என்ற புரதம் கெடுதல் என்பார்கள். வேகாத சிவப்பு ராஜ்மா நிஜமாகவே நஞ்சுதான். ஆனால் ஊறவைத்துக் கொதிக்கக் கொதிக்க வேகவைத்தால் அது சிதைந்துவிடும். பச்சையாகப் பருப்பு தின்பவர் நம்மில் யார்? இரண்டு மாதம் பருப்பை விட்டுப் பார்த்தேன், தனியாக அதனால் வந்த நன்மை என்று ஒன்றையும் காணவில்லை. இப்போது வாரத்துக்கு இரண்டு முறை சாப்பிடுகிறேன். சோறு ஞாயிற்றுக்கிழமை மட்டும். இதற்கு மேல் இதைப் பேலியோ என்று சொல்லலாமா என்று கேட்டால், 'பேலியோ மாதிரி' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் ஆயா வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தார். "புரட்டாசி வருது தம்பி. கறி கிடையாது, மீனு கிடையாது, முட்டையும் ஆவாது. பருப்பும் வேணாம்னா என்னத்தத் திங்கப் போற?"

இங்கே புரட்டாசி முழுக்க வீட்டுக்குள் கவிச்சி நுழையாது. மாதம் முழுக்கப் பருப்பு சாப்பிடுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். கடையில் வாங்கிய சுத்தமான பருப்புதான், ஆனாலும் ஆயா பழக்கத்தை விடாமல் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் ஒன்று அகப்பட்டது. எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"இந்தா தம்பி, உன் பங்கு."

மிளகு அளவுக்கு ஒரு கல்.